பாலைவனத்தில் தகர வீடு

அமெரிக்க நாட்டின் அரிசோனா மாநிலத்தில், கொலராடோ ஆற்றுக்குக் கிழக்கே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவில், குவார்ட்சைட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. சொனோரா பாலைவனத்தின் நடுவே கிடக்கும் ஊர். 2020ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி அங்கே நிலையாக வாழ்பவர்கள் 2,413 பேர்தாம். ஆனால் ஜனவரி மாதத்தில் அங்கே போய்ப் பார்ப்பவர்கள் இந்த எண்ணை நம்ப மாட்டார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை, முட்புதர்களுக்கும் உயர்ந்த கள்ளிகளுக்கும் இடையே, சக்கரம் பூட்டிய வீடுகள் வெள்ளை வெள்ளையாக நிற்கும். காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்து வரப்படும் இந்த வீடுகளுக்கு டிரெய்லர் என்று பெயர். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஆறு ஏழு மீட்டர் நீளத்துக்குள் அடக்கம்.

இவற்றில் வந்து தங்குவோர் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் கொட்டும் பனிக்கு அஞ்சித் தெற்கே வருபவர்கள். வலசைப் பறவைகளைப் போல வந்து போவதால் அவர்களைப் 'பனிப்பறவைகள்' என்றே அழைக்கிறார்கள். அவர்களுக்காக அமெரிக்க அரசின் நில மேலாண்மைத் துறை 1983ஆம் ஆண்டில் நீண்டகால முகாம் நிலங்களை ஒதுக்கியது. முகாம் பருவம் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை.

ஏன் ஏப்ரலோடு நிறுத்திவிட்டார்கள்? வெயில் என்பது சுருக்கமான விடை. ஆனால் இதே பாலையில் பல நூறு ஆண்டுகளாக மக்கள் கோடையிலும் வீடு கட்டி வாழ்ந்திருக்கிறார்களே! மண் வீட்டில் வாழ முடிந்தவர்களுக்கு டிரெய்லரில் வாழ்வது ஏன் கடினமாக இருக்கிறது? விடை சுவரில் இருக்கிறது.

சுவரின் எடை

வீடு குளிர்ச்சியாக இருக்க வேண்டுமானால் சுவர் வெப்பத்தைக் கடத்தாமல் இருந்தால் போதும் என்று பலரும் எண்ணுகிறோம். அது பாதி உண்மைதான். சுவர் எவ்வளவு வெப்பத்தைத் தன்னுள் வாங்கி வைத்துக்கொள்ளும் என்பதும் அதே அளவு முக்கியம். வெப்ப ஏற்புத்திறன் என்று பாடத்தில் படித்திருப்பீர்களே, அதுதான் இது.

அரிசோனாவின் பழைய வீடுகள் 'அடோபி' எனப்படும் வெயிலில் உலர்த்திய மண் கற்களால் ஆனவை. முப்பது சென்டிமீட்டர் கனமுள்ள மண்சுவரில் ஒரு சதுர மீட்டர் பரப்பை எடுத்துக்கொண்டால் அதன் எடை ஏறத்தாழ அரை டன். வெளிப்புறத்தில் விழும் வெப்பம் இவ்வளவு மண்ணையும் சூடாக்கிக்கொண்டுதான் உள்ளே வந்து சேர வேண்டும். அதற்குச் சுமார் பத்து மணி நேரம் ஆகிறது. பிற்பகல் மூன்று மணி வெயில், சுவரின் உட்புறத்தை நள்ளிரவு ஒரு மணிக்குத்தான் எட்டுகிறது. அப்போது வெளியே குளிர்ந்த காற்று வீசும். சன்னலைத் திறந்துவிட்டால் தொல்லை தீர்ந்தது. அதுபோலவே விடியற்காலைக் குளிர் பிற்பகலில் உள்ளே வந்து சேரும். பகலையும் இரவையும் கலந்து சராசரி ஆக்கித் தருகிறது மண்சுவர்.

டிரெய்லரின் கதை வேறு. காரால் இழுக்கப்பட வேண்டிய வீடு கனமாக இருக்க முடியாது. வெளியே மெல்லிய அலுமினியத் தகடு அல்லது கண்ணாடி இழைத் தகடு, உள்ளே ஒட்டுப்பலகை, நடுவில் மூன்று நான்கு சென்டிமீட்டருக்குக் கண்ணாடிப் பஞ்சோ நுரைப் பலகையோ, அவ்வளவுதான் சுவர். ஒரு சதுர மீட்டருக்குப் பத்துக் கிலோகிராம் இருந்தால் அதிகம். நடுவிலுள்ள பஞ்சு வெப்பம் கடத்தப்படுவதைக் குறைக்கும் என்பது மெய்தான். ஆனால் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ள அங்கே பொருளே இல்லை. வெளியே வெயில் ஏறினால், சிறிது நேரத்தில் உள்ளேயும் ஏறும். வெயில் தாழ்ந்தால் உள்ளேயும் தாழும். சன்னல் வழியாக வெயில் பாய்ந்து, கதவும் மூடியிருந்தால், உட்புறம் வெளியைவிடவும் சூடாகிவிடும்.

இந்த இடத்தில் ஓர் ஒட்டகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குவார்ட்சைட்டின் இடுகாட்டில் கல்லால் எழுப்பிய ஒரு சிறு பிரமிடு நிற்கிறது. அதன் உச்சியில் உலோகத்தால் செய்த ஒட்டகம். அமெரிக்கப் படைத்துறை 1850களில் பாலைவனத்தில் சுமை தூக்க ஒட்டகங்களை இறக்குமதி செய்து பார்த்தது. அவற்றோடு வந்த ஹாஜி அலி என்ற ஒட்டகக்காரர், ஊர் வாயில் 'ஹை ஜாலி' ஆகி, 1902ஆம் ஆண்டு இவ்வூரில் இறந்தார். அவருடைய நினைவுச் சின்னம்தான் அது. ஒட்டகத்தைப் பற்றி 1950களில் சகாரா பாலையில் ஆராய்ந்த ஷ்மிட்-நீல்சன் என்ற விஞ்ஞானி வியப்பான ஓர் உண்மையைக் கண்டார். நீர் கிடைக்காத ஒட்டகம் தன் உடல் வெப்பநிலையைப் பகல் முழுவதும் ஏற விட்டுவிடுகிறது. காலையில் 34° சென்டிகிரேட், மாலையில் 40°க்கும் மேல். பகலில் சேர்ந்த வெப்பத்தை இரவில் குளிர்ந்த வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அதை வியர்த்து வெளியேற்ற வேண்டுமானால் ஏறத்தாழ ஐந்து லிட்டர் நீர் செலவாகும். அந்த நீர் மிச்சம். ஒட்டகம் நடமாடும் மண்சுவர் எனலாம்.

டிரெய்லருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சுவர் செய்ய வேண்டிய வேலையை உள்ளே இருக்கும் மனிதரே கையால் செய்ய வேண்டும். பருவத்துக்குப் பருவம் அந்த வேலை மாறுகிறது.

குளிர்கால இரவு

குவார்ட்சைட்டில் ஜனவரி மாதப் பகல் மிக இனிமையானது. 18°, 20° இருக்கும். பொழுது சாய்ந்ததும் வெப்பநிலை சரசரவென்று இறங்கி விடியற்காலையில் 5° அளவுக்கு வந்துவிடும். சில இரவுகளில் உறைநிலையையும் தொடும். நமது கடற்கரை ஊர்களில் இப்படி நடப்பதில்லை. காரணம் நீராவி. தரையிலிருந்து மேலே செல்லும் அகச்சிவப்புக் கதிர்களைக் காற்றிலுள்ள நீராவி உறிஞ்சி, ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. பாலைவனக் காற்றில் நீராவி குறைவு; மேகமும் இல்லை. தெளிந்த வானத்தை நோக்கி வெப்பம் தடையின்றிப் போகிறது. டிரெய்லரின் தகரக் கூரை தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகிறது.

எனவே அடுப்பு எரிய வேண்டும். டிரெய்லரின் எரிவாயு புரொப்பேன். நம் வீட்டுச் சமையல் வாயு பியூட்டேனும் புரொப்பேனும் கலந்தது. அங்கே பியூட்டேன் ஏன் வேண்டாம்? அதன் கொதிநிலை சுழியத்துக்கு அரை டிகிரி கீழேதான். உறைபனி இரவில் அது உருளைக்குள் திரவமாகவே கிடக்கும், எரிய வராது. புரொப்பேன் சுழியத்துக்குக் கீழே 42°யில் கொதிப்பது. பாலைவனம் எவ்வளவு குளிர்ந்தாலும் அது வாயுவாக வெளிவரும்.

அடுப்பு எரிந்து உள்ளே கதகதப்பு வந்ததும், புதிதாக வருபவர்கள் எல்லாச் சந்துகளையும் அடைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். காலையில் சன்னல் சட்டங்களில் நீர் வழிகிறது. மெத்தையின் அடிப்புறம் ஈரம். சில வாரங்களில் மூலைகளில் கறுப்புப் பூஞ்சணம். உலகிலேயே வறண்ட இடங்களில் ஒன்றில் வீட்டுக்குள் மழை பெய்வது எப்படி?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டிரெய்லரின் உட்புறம் ஆறு மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம் என்று கொண்டால், அதிலுள்ள காற்று ஏறத்தாழ 29 கன மீட்டர். 20° வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று மிகுதியாக 17 கிராம் நீராவியைத்தான் தாங்கும். ஆக, டிரெய்லர் முழுவதிலும் உள்ள காற்று தாங்கக்கூடியது அரைக் கிலோகிராம். ஒருவர் உறங்கும்போது மூச்சாலும் தோலாலும் மணிக்கு நாற்பது கிராம் அளவுக்கு நீராவியை வெளிவிடுகிறார். இருவர் எட்டு மணி நேரம் உறங்கினால் 640 கிராம்! மூச்சுக் காற்று மட்டுமே வீட்டை நிரப்பி வழியப் போதுமானது.

அடுப்பின் பங்கு இன்னும் சேரவில்லை. புரொப்பேனின் மூலக்கூற்று வாய்பாடு C₃H₈. மூலக்கூற்று எடை 44. எரியும்போது அது நான்கு மூலக்கூறு நீரைத் தருகிறது. அதன் எடை 72. அதாவது ஒரு கிலோகிராம் புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோகிராமுக்கும் மேல் நீர் உண்டாகிறது. புகைபோக்கி இல்லாத அடுப்பானால் அத்தனையும் வீட்டுக்குள்தான். பனிநிலைக்குக் கீழே குளிர்ந்த தகரச் சட்டத்தில் அந்த நீராவி பட்டதும் துளிகளாகிவிடுகிறது.

இதற்கு மருந்து, முதலில் கேட்கும்போது கிறுக்குத்தனமாகத் தோன்றும். நல்ல குளிரில் கூரைத் துவாரத்தையும் ஒரு சன்னலையும் விரற்கடை அளவு திறந்து வைக்க வேண்டும். வெளியே 5° வெப்பமும் 60 விழுக்காடு ஒப்பு ஈரப்பதமும் உள்ள காற்றில் கன மீட்டருக்கு நான்கு கிராம் நீராவிதான் உண்டு. அது உள்ளே வந்து 20°க்குச் சூடானதும் அதன் ஒப்பு ஈரப்பதம் 24 விழுக்காடாகக் குறைந்துவிடும். வீட்டை உலர்த்துவதற்கு இதைவிடச் சிறந்த காற்று வேறில்லை. இன்னொன்றும் உண்டு. முழுவதும் அடைத்த அறையில் அடுப்பு எரிந்தால் உயிர்வளி குறைந்து, கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். ஆகவே அந்த விரற்கடை இடைவெளி மெத்தையை மட்டுமன்றி ஆளையும் காக்கிறது.

பகலில் கிடைக்கும் இலவச வெப்பத்தையும் விட்டுவிடக் கூடாது. குவார்ட்சைட் ஏறத்தாழ 33.7° வட அட்சரேகையில் உள்ளது. டிசம்பர் 21 நண்பகலில் அங்கே சூரியன் தெற்கு வானில் 33° உயரத்தில்தான் நிற்கும். ஜூன் 21இல் 80° உயரத்துக்கு, ஏறக்குறைய தலைக்கு மேல், வந்துவிடும். அனுபவசாலிகள் குளிர்காலத்தில் பெரிய சன்னல்கள் தெற்கே பார்க்கும்படி டிரெய்லரை நிறுத்துகிறார்கள். தாழ்ந்த வெயில் உள்ளே ஆழமாகப் புகும். வீட்டைத் திருப்பி வைக்க முடிவது, மண் வீட்டுக்காரருக்குக் கிடைக்காத வசதியல்லவா!

ஈரத் தட்டி

ஏப்ரல் பாதியில் பெரும்பாலோர் கிளம்பிவிடுகிறார்கள். தங்கிவிடுபவர்களுக்கு மே, ஜூன் மாதங்கள் வறண்ட கோடை. பகல் 40°யைத் தாண்டும். ஒப்பு ஈரப்பதம் பத்து விழுக்காட்டுக்கு அருகில். வறட்சி கொடிது என்றாலும் அதுவே இங்கு உதவியும் செய்கிறது.

ஒரு பெட்டியின் பக்கங்களில் ஆஸ்பென் மரச் சீவலால் ஆன தட்டிகளைப் பொருத்தி, சிறு பம்பினால் அவற்றை நனைத்துக்கொண்டே, ஒரு விசிறியால் காற்றை உள்ளிழுத்தால் குளிர்ந்த காற்று வரும். அரிசோனாவில் 1930களில் பரவிய இந்தக் கருவி, வெட்டிவேர்த் தட்டியின் இயந்திர வடிவம்தான். தத்துவம் நம் மண்பானைக்குரியதே. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வேண்டும். அந்த உள்ளுறை வெப்பத்தை நீர் காற்றிடமிருந்து பறித்துக்கொள்கிறது. மணிக்கு ஐந்து லிட்டர் நீர் ஆவியானால் மணிக்கு 29 லட்சம் கலோரி வெப்பம் நீங்கும். இது சந்தையில் 'ஒரு டன்' என்று விற்கும் குளிர்சாதனப் பொறியின் வேலைக்கு ஏறத்தாழச் சமம். செலவாகும் மின்சாரமோ ஒரு விசிறிக்கும் சிறு பம்புக்கும் வேண்டியது மட்டுமே. ஆனால் மணிக்கு ஐந்து லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 120 லிட்டர். பல டிரெய்லர்களின் தொட்டி கொள்வதே அவ்வளவுதான். பாலைவனத்தில் தண்ணீருக்குப் போகும் பயணங்கள் கூடிவிடும்.

கூலர் ஓடும்போது சன்னலைத் திறந்து வைக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஈரக் காற்று வெளியேறினால்தான் புதிய உலர்ந்த காற்று வந்து குளிர முடியும். குளிர்சாதனப் பொறிக்கு அறையை மூட வேண்டும். கூலருக்குத் திறக்க வேண்டும்.

எவ்வளவு குளிரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஒரு வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி விசிறுங்கள். அது காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலைதான் கூலரின் எல்லை. அதற்குக் கீழே எந்தக் கூலரும் போகாது. காற்று 40°, ஈரப்பதம் 10 விழுக்காடு என்றால் ஈரக்குமிழ் காட்டுவது சுமார் 19°. நல்ல கூலர் இந்த இடைவெளியில் ஐந்தில் நான்கு பங்கைக் கடக்கும். எனவே உள்ளே வரும் காற்று 23° அளவில் இருக்கும். தகர வீட்டில், கொதிக்கும் ஜூன் மாதத்தில், இது சொர்க்கம்.

பருவக்காற்று

ஜூலையில் காற்று திசை மாறுகிறது. தெற்கேயிருந்து, மெக்சிகோவையும் கலிபோர்னியா வளைகுடாவையும் கடந்து, ஈரக்காற்று வருகிறது. அதற்கு அங்கேயும் 'மான்சூன்' என்றே பெயர். அரபி மாலுமிகள் நம் கடற்காற்றுக்கு வைத்த பெயர் அமெரிக்கப் பாலைவனம் வரை போயிருக்கிறது. ஒரு காலத்தில் பீனிக்ஸ் நகரில் பனிநிலை மூன்று நாள் தொடர்ந்து சராசரி 55° பாரன்ஹீட்டுக்குக் குறையாமல் இருந்தால் பருவக்காற்று வந்துவிட்டது என்று அறிவிப்பார்கள். 2008 முதல் ஜூன் 15இலிருந்து செப்டம்பர் 30 வரை என்று தேதி குறித்துவிட்டார்கள்.

மழை வந்தால் மகிழ்ச்சிதானே என்று நாம் நினைப்போம். டிரெய்லரில் இருப்பவருக்கு ஆண்டிலேயே கடினமான காலம் இதுதான். வெப்பம் 40°யில் அப்படியே இருக்க, ஈரப்பதம் 35 விழுக்காட்டுக்கு ஏறினால், ஈரக்குமிழ் 27°க்குப் போய்விடும். அதே கூலர், அதே தண்ணீர். ஆனால் வரும் காற்று 30°. அதிலும் புழுக்கம் நிறைந்த 30°. வியர்வையும் ஒரு கூலர்தான் என்பதால் உடம்பும் அதே சிக்கலில் மாட்டுகிறது. மேகமும் நீராவியும் வானத்தை மூடிக்கொள்வதால் இரவும் குளிர்வதில்லை. தகரச் சுவரின் ஒரே நன்மை, பொழுது சாய்ந்ததும் விரைவில் குளிர்வது. அதுவும் இப்போது போய்விடுகிறது.

புயலும் வரும். 2011ஆம் ஆண்டு ஜூலை 5 அன்று பீனிக்ஸ் நகரை மூடிய புழுதிச் சுவர் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்திருந்தது. காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 54 கிலோமீட்டர் வேகக் காற்று டிரெய்லரின் பக்கவாட்டை 200 கிலோகிராம் எடைக்குச் சமமாகத் தள்ளினால், 108 கிலோமீட்டர் வேகத்தில் அது 800 ஆகிவிடும். வெயில் மறைப்புத் துணியைச் சுருட்டிவிட்டு, குறுகிய முனை காற்றைப் பார்க்கும்படி நிறுத்துவதே முறை. வறண்ட ஓடைப் படுகையில் ஒருபோதும் நிறுத்தக் கூடாது. மழை எங்கோ மலையில் பெய்தாலும் வெள்ளம் இங்கே வந்துவிடும்.

மேலே போனவர்களும் போகாதவர்களும்

சக்கரம் உள்ள வீட்டுக்கு ஒரு வழி உண்டு. குவார்ட்சைட்டின் உயரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 270 மீட்டர். அதே மாநிலத்தில் உள்ள பிளாக்ஸ்டாப் நகரம் 2,100 மீட்டர் உயரத்தில், பைன் காடுகளுக்கு நடுவே இருக்கிறது. ஆயிரம் மீட்டருக்கு 6.5° வீதம் குறைகிறது என்று கொண்டால் வேறுபாடு 12° வர வேண்டும். உண்மையில் ஜூலைப் பகலில் கீழே 42° அளவும் மேலே 28° அளவும் இருக்கும். கணக்கு ஏறக்குறைய ஒத்துவருகிறது. ஒரு நாள் பயணத்தில் பருவத்தையே மாற்றிவிடலாம். சுவரால் செய்ய முடியாததைச் சக்கரம் செய்துவிடுகிறது.

ஆனால் எல்லா டிரெய்லர்களும் நகர்வதில்லை. பீனிக்ஸ் போன்ற நகரங்களில் சக்கரம் துருப்பிடித்து, ஒரே இடத்தில் பல்லாண்டுகளாக நிற்பவை ஏராளம். வேறு வீட்டுக்கு வாடகை கொடுக்க இயலாதவர்கள், முதியவர்கள், தனியாக வாழ்பவர்கள் அவற்றில் இருக்கிறார்கள். 2023ஆம் ஆண்டில் பீனிக்சில் 31 நாட்கள் தொடர்ந்து பகல் வெப்பம் 43°க்கு மேல் இருந்தது. ஜூலை 19 அன்று இரவின் மிகக் குறைந்த வெப்பநிலையே 36°. பகலில் நகரத்தின் தாரும் காங்கிரீட்டும் வெப்பத்தை வாங்கி வைத்து, இரவில் திருப்பித் தந்தன. மண்சுவரின் நற்குணமே நகரத்தில் தீங்காக மாறிவிட்டதைக் கவனியுங்கள். அவ்வாண்டில் பீனிக்ஸ் அடங்கிய மாரிக்கோப்பா மாவட்டத்தில் மட்டும் வெப்பத்தால் 645 பேர் இறந்தனர். வீட்டுக்குள் நேரும் இத்தகைய இறப்புகளில் டிரெய்லர்களிலும் அவற்றை ஒத்த பெயர்ப்பு வீடுகளிலும் வாழ்வோரின் பங்கு, மக்கள் தொகையில் அவர்களுக்குள்ள பங்கைவிடப் பன்மடங்கு. பல வீடுகளில் குளிர்சாதனப் பொறி இருந்தது. ஆனால் பழுதாகி நின்றிருந்தது. சுவருக்கு ஏற்புத்திறன் இல்லாதபோது, பொறி நின்ற ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே உள்ளே வெளி வெப்பம் வந்துவிடுகிறது.

இடம் விட்டு நகர முடியாதவர்கள் செய்யக்கூடிய நல்ல காரியம், வெயில் சுவரைத் தொடுவதற்கு முன்பே அதை மறிப்பது. நான்கு கால் நட்டு, டிரெய்லருக்கு மேலே ஒரு முழ இடைவெளி விட்டு இன்னொரு கூரை போடுகிறார்கள். 'ரமாடா' என்பது அதன் பெயர். மேற்கூரை சூடானாலும் இடையில் ஓடும் காற்று அந்த வெப்பத்தைக் கொண்டு போய்விடும். மேற்குப் பார்த்த சன்னல்களில் பளபளக்கும் தகட்டை வெளிப்புறமாக ஒட்டுவதும் உண்டு. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு திரை போட்டுப் பயனில்லை. சில டிரெய்லர் வளாகங்களில் அழகு கெடும் என்று இவற்றுக்குத் தடை இருந்தது. 2024இல் அரிசோனா மாநிலம், குடியிருப்போர் குளிர்விக்கும் ஏற்பாடுகள் செய்துகொள்வதை வளாக உரிமையாளர்கள் தடுக்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது.

மலைக்குப் போனவர்கள் செப்டம்பரில் திரும்பலாம் என்று முகாம் விதி சொல்கிறது. உடம்பு வேறொன்று சொல்கிறது. வெயிலில் பத்துப் பதினான்கு நாட்கள் பழகிய உடல் விரைவிலேயே வியர்க்கத் தொடங்கும், அதிகமாக வியர்க்கும், வியர்வையில் உப்பைக் குறைவாக விடும். குளிர்ந்த மலையில் சில வாரங்கள் இருந்தால் இந்தப் பழக்கம் போய்விடும். செப்டம்பர் நடுவில் குவார்ட்சைட்டின் பகல் இன்னும் 38° அளவில் இருக்கும். அதனால் விவரம் தெரிந்த பனிப்பறவைகள் பலர் அக்டோபர் கடைசி வரை கீழே இறங்குவதில்லை. முன்னதாகவே வர நேர்ந்தவர்கள் முதல் இரண்டு வாரம் காலையிலும் மாலையிலும் மட்டும் வெளியே வந்து வேலை செய்கிறார்கள்.